முடிக்குக் கீழே உள்ள தோல்: முடிதிருத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் சலூன்களிலும் பார்லர்களிலும் கோயில்களின் முடிக்காணிக்கை மண்டபங்களிலும் பணிபுரிவோர் அனைவருக்கும்,



உடலின் எந்தப் பகுதித் தோலில் மாற்றம் தோன்றினாலும் அதை முதலில் காண்பவர் பெரும்பாலும் அதற்கு உரியவரே. ஆனால் உச்சந்தலையையும் பிடரியையும் மட்டும் எவரும் தம் கண்ணால் நேரே பார்த்துக்கொள்ள இயலாது. தாய் மடியில் கிடத்திப் பேன் பார்க்கும் வயது கடந்தபின், ஒருவருடைய மண்டைத்தோலை நல்ல வெளிச்சத்தில், முடியை வகுந்து, அரையடித் தொலைவிலிருந்து மாதம் ஒருமுறையேனும் பார்ப்பவர் முடிதிருத்துநர் ஒருவர்தான். தோல் மருத்துவர் பார்ப்பதோ பல வேளைகளில் நோய் முற்றியபின். முடிதிருத்தும் சமூகத்தாருக்கு மருத்துவர் என்னும் பெயர் வழங்கிவருவதும், பரியாரி என்னும் சொல் வைத்தியரையும் முடிதிருத்துபவரையும் ஒருசேரக் குறித்திருப்பதும் இந்த இடத்தில் நினைவுகூரத் தக்கவை. அந்தப் பழைய உறவின் ஒரு பகுதியையேனும் மீட்டெடுக்க முடியும் என்ற கருத்தில் இம்மடல் எழுதப்படுகிறது. இதன் மையச் செய்தி ஒன்றே: முடி வேறு, மண்டைத்தோல் வேறு; முடிக்கு நல்லது தோலுக்கும் நல்லதாக இருந்தே தீரும் என்ற எண்ணத்திலிருந்துதான் பெரும்பாலான தவறுகள் பிறக்கின்றன.

மண்டைத்தோல் என்பது ஒற்றை உறை அன்று. அது ஐந்து அடுக்குகளால் ஆனது. மேலே தோல், அதன்கீழ் இரத்தக்குழாய்கள் செறிந்த கெட்டியான இணைப்புத் திசு, அதன்கீழ் நெற்றித் தசையையும் பிடரித் தசையையும் இணைக்கும் தகடு போன்ற நார்ப்படலம், பின்னர் ஒரு தளர்ந்த திசுப்படலம், கடைசியாக மண்டையோட்டைப் போர்த்திய மெல்லிய சவ்வு என அவை அமைந்துள்ளன. இரண்டாம் அடுக்கின் நார்கள் இரத்தக்குழாய்களின் சுவர்களை இறுகப் பற்றியிருப்பதால், கத்தி பட்டுக் குழாய் அறுபடும்போது அது சுருங்கி மூடிக்கொள்ள முடியாமல் வாய் திறந்தபடியே நிற்கிறது. ஆகவேதான் கையில் பட்டால் சில நொடிகளில் நிற்கும் அளவுள்ள சிறு கீறல், மொட்டையடிக்கும்போது தலையில் பட்டால் துண்டு நனையும் அளவுக்கு இரத்தத்தைக் கொட்டுகிறது. அதற்கு மருந்து அழுத்தம்தான். தூய துணியை வைத்து ஐந்து முதல் பத்து நிமிடம் கையை எடுக்காமல் அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான கீறல்கள் அடங்கிவிடும். ஒருவருக்குத் தேய்த்த படிகாரக் கல்லையே அடுத்தவருக்கும் தேய்ப்பது ஒருவருடைய இரத்தத்தை மற்றவருடைய காயத்தில் பூசுவதற்கு ஒப்பாகும். மஞ்சள்காமாலையை உண்டாக்கும் ஹெப்படைட்டிஸ் பி கிருமி உடலுக்கு வெளியே உலர்ந்த பரப்பிலும் குறைந்தது ஏழு நாள் உயிர்ப்புடன் இருக்கக்கூடியது என்பதை நினைத்தால், பிளேடை ஆளுக்கு ஒன்றாக மாற்றிவிட்டுக் கல்லை மட்டும் பொதுவில் வைத்திருப்பதன் பொருந்தாமை விளங்கும்.

முடி பற்றிய அடிப்படைச் செய்தி, தோலுக்கு வெளியே தெரியும் பகுதி முழுவதும் உயிரற்றது என்பதாகும். அது கெரட்டின் எனப்படும் புரதத்தால் ஆன இழை. அதற்கு உணவும் இல்லை, உணர்வும் இல்லை. உயிருள்ளது தோலுக்குள் புதைந்திருக்கும் மயிர்க்கால் மட்டுமே. தலையில் ஏறத்தாழ 1,00,000 மயிர்க்கால்கள் உள்ளன. குழந்தை பிறக்கும் முன்பே இவற்றின் எண்ணிக்கை முடிவாகிவிடுகிறது. ஒவ்வொரு மயிர்க்காலும் இரண்டு முதல் ஆறு ஆண்டுகள் வரை வளர்நிலையிலும், இரண்டு மூன்று வாரங்கள் ஒடுங்குநிலையிலும், ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஓய்வுநிலையிலும் இருந்து, பழைய இழையை உதிர்த்துவிட்டுப் புதியதைத் தொடங்குகிறது. நாளொன்றுக்கு 50 முதல் 100 முடிகள் உதிர்வது இச்சுழற்சியின் இயல்பான விளைவே அன்றி நோயன்று. மொட்டையடித்தால் முடி அடர்த்தியாக வளரும் என்ற நம்பிக்கையை 1928-ஆம் ஆண்டிலேயே மில்ட்ரெட் டிராட்டர் என்னும் அமெரிக்க உடற்கூற்றியல் அறிஞர் அளந்து பார்த்து மறுத்துள்ளார். கத்தி வெட்டுவது உயிரற்ற இழையை, வளர்ச்சியைத் தீர்மானிப்பது கத்தி எட்டாத மயிர்க்கால். இயல்பான கூர்நுனியை இழந்த மொண்ணையான வெட்டுமுனை தடவுவதற்குச் சொரசொரப்பாக இருப்பதால் அடர்த்தி கூடியது போன்ற மயக்கம் ஏற்படுகிறது. பழனியிலும் சமயபுரத்திலும் முடி காணிக்கை செலுத்துவோர் நேர்த்திக்கடனுக்காகச் செலுத்துகிறார்கள். அதற்கு இந்தக் காரணம் எதுவும் தேவையில்லை.

இனி, மண்டைத்தோலுக்கே உரிய முதன்மைச் சிக்கலான பொடுகுக்கு வரலாம். சில வட்டாரங்களில் இதைச் சுண்டு என்றும் சொல்வர். ஒவ்வொரு மயிர்க்காலின் பக்கத்திலும் நெய்ச்சுரப்பி ஒன்று உள்ளது. அது சுரக்கும் நெய்ப்பசை பருவ வயதில் பெருகுகிறது. இப்பசையை உண்டு வாழும் மலசீசியா என்னும் நுண்ணிய பூஞ்சை எல்லாருடைய தலையிலும் குடியிருக்கிறது; பிரெஞ்சு அறிஞர் லூயி சார்லஸ் மலசே 19-ஆம் நூற்றாண்டில் இதை விவரித்தமையால் அவர் பெயரே இதற்கு அமைந்தது. கொழுப்பு அமிலங்களைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் ஆற்றல் இப்பூஞ்சைக்கு இல்லை. ஆகையால் அது நெய்ப்பசையை நொதிகளால் உடைத்துத் தனக்கு வேண்டிய அமிலங்களை எடுத்துக்கொண்டு, வேண்டாதவற்றைத் தோலின்மேல் விட்டுச்செல்கிறது. அவ்வாறு எஞ்சுவனவற்றுள் ஓலியிக் அமிலம் குறிப்பிடத்தக்கது. அது தோலின் புறக்காப்பை ஊடுருவும்போது, அதைத் தாங்கும் இயல்புடையவர்களுக்கு எதுவும் நேர்வதில்லை. தாங்காதவர்களுக்கோ தோல் எரிச்சலுற்று, ஏறத்தாழ ஒரு மாத காலத்தில் நிதானமாக நடைபெற வேண்டிய செல் புதுப்பிப்பு விரைவுபட்டு, முதிராத செல்கள் கற்றையாகச் செதில் செதிலாக உதிர்கின்றன. பொடுகு என்பது இதுதான். அது அழுக்கும் அன்று, வறட்சியும் அன்று, ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவதும் அன்று. இதே நிகழ்வு கடுமையாகி, தோல் சிவந்து, மஞ்சள் நிறப் பிசுபிசுப்பான செதில்களுடன் புருவத்துக்கும் மூக்கோரத்துக்கும் பரவும்போது மருத்துவர்கள் அதை நெய்ச்சுரப்புத் தோலழற்சி என்பர்.

செதில் உதிர்வதைக் கண்டவுடன் தலை காய்ந்துவிட்டது என்று சொல்லி எண்ணெய் வைக்கச் சொல்வது சலூன்களில் அன்றாடம் கேட்கும் அறிவுரை. ஆய்வுக்கூடத்தில் மலசீசியாவை வளர்க்க விரும்புவோர் அதன் உணவு ஊடகத்தின்மேல் ஆலிவ் எண்ணெய் ஊற்றுவது வழக்கம் என்ற ஒரு செய்தியே இந்த அறிவுரையை மறுபரிசீலனை செய்யப் போதுமானது. அப்படியானால் எண்ணெய் தேய்க்கும் மரபே தவறா என்ற கேள்வி எழும். தவறன்று. செவ்வாயும் வெள்ளியும் பெண்களுக்கு, புதனும் சனியும் ஆண்களுக்கு என்று வகுத்துக்கொண்ட பழைய எண்ணெய்க் குளியல், நல்லெண்ணெயைத் தேய்த்து, சிறிது நேரம் ஊறவிட்டு, அன்றைக்கே சீயக்காயோ அரப்போ கொண்டு அலசி எடுப்பதோடு முடிந்தது. வைப்பதும் எடுப்பதும் சேர்ந்ததே அம்முறை. இன்றைய பழக்கத்தில் முதற்பாதி மட்டும் தங்கிவிட்டது: காலையில் எண்ணெய் வைத்துப் படிய வாரிப் பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் போய், வெயிலிலும் தலைக்கவசத்திலும் வியர்த்து, அதே தலையோடு உறங்கி, அலசுவதை ஞாயிற்றுக்கிழமைக்கு ஒத்திப்போடுவது மரபும் அன்று, மருத்துவமும் அன்று. தேங்காயெண்ணெயின் உண்மையான பயன் வேறிடத்தில் உள்ளது. மும்பையைச் சேர்ந்த ரெலே, மொஹிலே என்னும் ஆய்வாளர்கள் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், தேங்காயெண்ணெய் முடி இழைக்குள் ஊடுருவி, அலசும்போதும் வாரும்போதும் ஏற்படும் புரத இழப்பைக் குறைப்பதாகவும், சூரியகாந்தி எண்ணெயும் கனிம எண்ணெயும் அவ்வாறு செய்வதில்லை என்றும் காட்டினர். அந்த ஆய்வாளர்கள் தேங்காயெண்ணெய் விற்கும் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்நன்மை இழைக்கு உரியது. ஆகவே பொடுகு உள்ளவர் எண்ணெயை முடியின் நடுவிலிருந்து நுனிவரை தடவிக்கொண்டு, தோலில் தேய்க்காமல் விடுவதே பொருத்தம்.

பொடுகுக்குச் சரியான மருந்து கீட்டோகோனசோல், செலினியம் சல்ஃபைடு, சிங்க் பைரித்தியோன் போன்ற பூஞ்சையடக்கிகள் கலந்த ஷாம்புகளே. ஆனால் அவற்றை வாங்கியவருள் பலர், சோப்பைப் போல் நுரைக்கவிட்டு உடனே அலசிவிட்டுப் பயனில்லை என்று கைவிடுகின்றனர். நுரை தோலில் படும்படி விரல்நுனியால் தேய்த்து, மூன்று முதல் ஐந்து நிமிடம் விட்டு, பிறகு அலச வேண்டும்; வாரம் இருமுறையாகச் சில வாரங்கள் செய்தபின் இடைவெளியைக் கூட்டிக்கொள்ளலாம், ஆனால் மலசீசியா தலையைவிட்டு நிலையாக வெளியேறாது என்பதால் முற்றிலும் நிறுத்தினால் பொடுகு திரும்புவது இயல்பு. பார்லரின் கழுவுதொட்டியில் அந்த ஐந்து நிமிடத்தைக் கடிகாரம் பார்த்துக் காத்திருப்பதே விலையுயர்ந்த ‘ஸ்பா’ எதனினும் மேலான பணி. மருந்தில்லாத சாதாரண அலசலைப் பொறுத்தவரை, எண்ணெய்ப்பசை மிகுந்தவரும் வியர்வையில் உழைப்பவரும் வாரம் இரண்டு மூன்று முறையோ அதற்கு மேலோ தலைக்குக் குளிப்பதில் தீங்கில்லை. அலசும்போது கையோடு வரும் முடிகள் ஏற்கெனவே வேரைவிட்டு நீங்கியவை, அலசலால் பிடுங்கப்பட்டவை அல்ல. ஷாம்பு என்ற சொல்லே அமுக்கிப் பிடித்துவிடுதல் என்னும் பொருளுள்ள இந்தி வினையிலிருந்து பிறந்தது என்பதும், பாட்னாவில் பிறந்த ஷேக் தீன் முகம்மது 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் நீராவிக் குளியலோடு உடல் பிடித்துவிடும் நிலையம் நடத்தி, அரசர் நான்காம் ஜார்ஜுக்கே அப்பணியைச் செய்தவர் என்பதும் தலைமசாஜ் செய்வோர் பெருமையோடு அறியத்தக்கவை. ஆனால் அந்தக் கலை நெட்டி முறிப்பதை உள்ளடக்கியதன்று. மசாஜின் இறுதியில் கழுத்தைத் திடீரெனத் திருகிச் சொடுக்குவதால் மூளைக்குச் செல்லும் தமனி கிழியும் ஆபத்து உண்டு. கழுவுதொட்டியில் கழுத்தைப் பின்னே மிகுதியாக மடக்கிவைத்ததால் பக்கவாதம் ஏற்பட்ட ஐந்து பெண்களைப் பற்றி மைக்கேல் வைன்ட்ராப் என்னும் நரம்பியல் மருத்துவர் 1993-இலேயே எழுதியிருக்கிறார்.

செதில் உதிர்வதெல்லாம் பொடுகு அன்று என்பது முடிதிருத்துநர் கற்க வேண்டிய அடுத்த பாடம். தடித்த, வெள்ளி நிறச் செதில்களுடன், எல்லை தெளிவாகத் தெரியும் திட்டுகள் முடிக்கோட்டைத் தாண்டி நெற்றியிலும் காதின் பின்புறத்திலும் இறங்கியிருந்தால், அது சொரியாசிஸ் எனப்படும் நோயாக இருக்கக்கூடும்; உடலின் தற்காப்பு அமைப்பு பிறழ்வதால் வரும் அது யாருக்கும் தொற்றாது. அப்படிப்பட்டவரை நாற்காலியில் அமரவிடாமல் திருப்பி அனுப்புவது அறியாமையால் இழைக்கப்படும் அநீதி. தொற்றுவது வேறொன்று. குழந்தையின் தலையில் வட்டமாக முடி உடைந்து, கரும்புள்ளிகளாக வேர்முனை தெரிந்து, செதில் படிந்து, பிடரியில் நெறி கட்டியிருந்தால் அது தலைப்படை. அதை உண்டாக்கும் பூஞ்சைகளுள் ஒன்றின் இனப்பெயரான டான்சுரன்ஸ் என்பதற்கு இலத்தீனில் மழிப்பது என்றே பொருள். நுண்ணுயிரி மனிதருக்கு நோய் தரும் என்பதைக் காட்டிய தொடக்கச் சான்றுகளுள் ஒன்று இத்தகைய தலைநோயிலிருந்துதான் கிடைத்தது: பாரிசில் பணிபுரிந்த டேவிட் குரூபி 1841-இல் ஃபேவஸ் எனப்படும் மண்டைத்தோல் நோய்க்குப் பூஞ்சையே காரணம் என்று நிறுவினார், பாஸ்டரும் கோக்கும் கிருமிக் கொள்கையை நிலைநாட்டியது அதற்குப் பின்னரே. இந்நோய்க்கு உள்ளே சாப்பிடும் மருந்து 1950-களின் இறுதியில் வரும்வரை, குழந்தைகளின் தலையில் எக்ஸ்கதிரைப் பாய்ச்சி முடியை உதிர்ப்பதே சிகிச்சையாக இருந்தது. அவ்வாறு கதிர் பெற்றவர்களுள் பலருக்குப் பிற்காலத்தில் கட்டிகள் தோன்றின.

இன்றும் வெளிப்பூச்சுக் களிம்பு தலைப்படைக்குப் போதாது. பூஞ்சை முடியின் வேர்வரை இறங்கியிருப்பதால் பல வாரங்கள் மாத்திரை தேவைப்படுகிறது. மருந்துக்கடையில் அரிப்புக்கெனக் கேட்டு வாங்கும் கலவைக் களிம்புகளில் உள்ள ஸ்டீராய்டு, சிவப்பை மட்டும் மறைத்துவிட்டு நோயை உள்ளே வளர்க்கிறது. இப்பூஞ்சையின் வித்துகள் சீப்பிலும் கிளிப்பரின் பற்களிலும் மாதக்கணக்கில் தங்கவல்லவை என்பதால், பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில் வரிசையாகச் சிறுவர்களுக்குக் கிராப்பு வெட்டும் கடை ஒன்று, ஒரு தெருவுக்கே நோயைப் பகிர்ந்துகொடுத்துவிட முடியும். கிளிப்பரில் ஒட்டியுள்ள முடியைத் தூரிகையால் அகற்றியபின் ஸ்பிரிட்டால் துடைப்பதும், சீப்புகளைச் சோப்பு நீரில் கழுவிப் பிளீச்சிங் கரைசலில் பத்து நிமிடம் ஊறவைப்பதும், கழுத்துத் துண்டை ஆளுக்கு ஆள் மாற்றுவதும் பெரிய செலவு வைப்பன அல்ல. பேனைப் பற்றி இவ்வளவு சொல்லத் தேவையில்லை: அது பறப்பதும் இல்லை, தாவுவதும் இல்லை, தலையோடு தலை சேரும்போது ஊர்ந்து செல்கிறது, ஈர்கள் பொரிக்க ஏழு முதல் பத்து நாள் ஆவதால், பேன் மருந்தை ஒருமுறை தேய்த்தபின் அந்த இடைவெளியில் மறுமுறையும் தேய்ப்பது பொதுவாகத் தேவைப்படுகிறது.

தலையிலோ தாடியிலோ காசளவுக்கு வழுவழுவென்று முடி நீங்கிய திட்டைப் புழுவெட்டு என்று சொல்வது வழக்கம். ஆனால் அங்கே புழுவும் இல்லை, பூச்சியும் இல்லை. உடலின் வெள்ளணுக்கள் தன் மயிர்க்கால்களையே பகையாகக் கருதித் தாக்குவதன் விளைவு அது, வாழ்நாளில் நூற்றுக்கு ஏறத்தாழ இருவருக்கு வரக்கூடியது. பலருக்குத் தானே முடி திரும்புகிறது. அவ்வாறு திரும்பிய முடிக்கான புகழை அந்த நேரத்தில் தேய்த்த சின்ன வெங்காயமோ, பிளேடால் கீறியதோ பெற்றுக்கொள்கிறது. கீறுவது கைவிடப்பட வேண்டிய வழக்கம். தாக்குதல் கடுமையாகித் தலையின் பெரும்பகுதியில் முடி நீங்கியவர்களுக்குப் பாரிசிட்டினிப் என்னும் மாத்திரைக்கு 2022-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒப்புதல் அளித்திருப்பதும், நோயின் இயல்பு தற்காப்பு அமைப்பைச் சார்ந்தது என்பதைக் காட்டும். குழந்தை பெற்ற இரண்டு முதல் நான்கு மாதங்களிலோ, டெங்கு போன்ற கடுங்காய்ச்சலுக்கு இரண்டு மூன்று மாதங்கள் கழித்தோ கொத்துக் கொத்தாக முடி கொட்டுவது இன்னொரு வகை. உடல் பட்ட அதிர்ச்சியால் பெருந்தொகை மயிர்க்கால்கள் ஒரே நேரத்தில் ஓய்வுநிலைக்குச் சென்று, அந்த ஓய்வு முடியும்போது சேர்ந்து உதிர்க்கின்றன. போர்த் தண்ணீரையும் புது ஷாம்புவையும் குறைகூறிக்கொண்டு வரும் பெண்ணிடம், மூன்று மாதத்துக்குமுன் என்ன நடந்தது என்று ஒரே ஒரு கேள்வி கேட்கும் பார்லர் ஊழியர், பல ஆயிரம் ரூபாய் எண்ணெய் வாங்குவதிலிருந்து அவரைக் காப்பாற்றியவர் ஆவார்.

கடைசியாக, தொழிலே தோலுக்குத் தரும் தீங்குகளையும் சொல்லியாக வேண்டும். கருப்புச் சாயங்களில் பெரும்பாலானவற்றின் நிறத்துக்குக் காரணமான பாராபினைலீன்டையமின் என்னும் வேதிப்பொருள், சிலருக்கு ஒவ்வாமையை உண்டாக்கி, சாயமிட்ட ஓரிரு நாளில் நெற்றியும் இமையும் காதும் வீங்கச் செய்கிறது. ஒருமுறை வந்த ஒவ்வாமை பொதுவாக வாழ்நாள் முழுதும் நீடிக்கும். அம்மோனியா இல்லை என்ற அறிவிப்பு இப்பொருள் இல்லை என்று பொருள்படாது. மூலிகை என்றும் கருப்பு மருதாணி என்றும் விற்கும் பொடிகளிலும் இது கலந்திருப்பதுண்டு. சாயமிடுவதற்கு 48 மணி நேரத்துக்குமுன் காதின் பின்புறம் சிறிது தடவிப் பார்க்கும் சோதனையை அட்டையில் அச்சிட்டிருந்தும் செய்யும் கடைகள் அரிது. முடியை நேராக்கும் ‘கெரட்டின் சிகிச்சை’யில் சூடுபட்டவுடன் வெளிவரும் ஃபார்மால்டிஹைடு, உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமையால் மனிதருக்குப் புற்றுநோய் தருவதென வகைப்படுத்தப்பட்டது, மாதம் ஒருமுறை வரும் வாடிக்கையாளரைவிட, கதவடைத்த குளிரூட்டிய அறையில் நாள்தோறும் அதை முகரும் ஊழியருக்கே ஆபத்து மிகுதி. அதற்கு மாற்றாக வந்த கிளையாக்சிலிக் அமிலக் கலவைகளால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதைப் பிரெஞ்சு மருத்துவர்கள் 2024-இல் பதிவுசெய்துள்ளனர். ஆண்களிடத்தில், பிடரிக்கோட்டைக் கத்தியால் ஒட்டச் சிரைப்பதால் மேலும் மோசமாகும் ஒரு சிக்கலும் உண்டு: வெட்டுண்ட சுருள்முடி தோலுக்குள்ளேயே திரும்பிக் குத்தி, கொப்புளமாகி, நாளடைவில் கெட்டித் தழும்பாகிறது. பிடரியில் அத்தகைய முடிச்சுகள் காணப்படுபவருக்குக் கத்தியைத் தவிர்த்துக் கிளிப்பரால் அரை மில்லிமீட்டராவது விட்டு வெட்டுவதே முறை.

நோயைப் பெயரிட்டுச் சொல்வதோ மருந்து கொடுப்பதோ முடிதிருத்துநரிடம் எதிர்பார்க்கப்படவில்லை. பின்கண்ணாடியைப் பிடித்து வெட்டைக் காட்டும் அதே பொழுதில், காணும் திட்டையும், ஆறாத புண்ணையும், வளரும் மச்சத்தையும் விரலால் சுட்டிக்காட்டி, அருகிலிருப்போர் கேளாதபடி தணிந்த குரலில் தெரிவிப்பது போதும். கேட்பவர் எங்கே காட்டுவது என்று கேட்டால் சொல்வதற்கான விடையும் எளிது: தமிழ்நாட்டின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல்நோய்ப் பிரிவு உள்ளது, காலையில் சென்றால் புறநோயாளிச் சீட்டு கட்டணமின்றிக் கிடைக்கும்.